ஏழாம் நம்பர் டார்ச்

தியாகதுருகம் பக்கத்தில் ஆழ்துளைக் கிணற்றுப் போருக்குள் என்ன நடக்கிறது என்று பார்க்க வேண்டுமானால், வீட்டுக்குள் போய் முகம் பார்க்கும் கண்ணாடியைக் கழற்றிக்கொண்டு வருவார்கள். ஒருவர் வெயிலில் நின்று கண்ணாடியைத் திருப்பித் திருப்பிச் சூரியனைப் பிடிப்பார். இன்னொருவர் போரின் வாயருகே குனிந்துகொண்டு, கொஞ்சம் இப்படி, கொஞ்சம் அப்படி என்று அதிகாரம் பண்ணுவார். வெளிச்சம் குழிக்குள் நேராக இறங்கிவிட்டால் போதும். இருநூறு அடிக்குக் கீழே கிடக்கும் தண்ணீர் ஒரு ரூபாய்க் காசு அளவுக்கு மின்னுவது தெரியும்.

மலர்விழி அதை முதன்முதலில் பார்த்தது கல்யாணமாகி வந்த வருஷம். அவள் புருஷன் தீனதயாளன் போர் மோட்டார்களை இறக்கி ஏற்றுகிறவர். சோறு கொண்டுபோனவள், எல்லோரும் எட்டிப் பார்க்கிறார்களே என்று தானும் எட்டிப் பார்த்தாள். பார்த்துவிட்டு நிமிர்ந்து ஒரு கேள்வி கேட்டாள்.

"டார்ச் லைட்டு அடிச்சா ஏங்க இவ்ளோ ஆழம் தெரிய மாட்டேங்குது?"

"டார்ச்சு டார்ச்சுதான், சூரியன் சூரியன்தான்" என்றார் தீனதயாளன்.

சுற்றி நின்றவர்கள் சிரித்தார்கள். அவளும் சிரித்துவைத்தாள். ஆனால் சமாதானம் ஆகவில்லை. பதில் தெரியாதவர்கள் கேள்வியையே மாற்றிப் போட்டுத் திருப்பிக் கொடுத்துவிட்டுப் போவதை நாம் எல்லோரும் பார்த்திருக்கிறோம். அதற்காகக் கேள்வி ஒழிந்துபோகுமா? அது மலர்விழியின் மண்டைக்குள் ஒரு மூலையில் பாயை விரித்துப் படுத்துக்கொண்டு, பதினேழு வருஷம் கிடந்தது.

அந்தப் பதினேழு வருஷத்தில் அவள் சும்மா இருக்கவில்லை. கள்ளக்குறிச்சி ரோட்டில் அவர்கள் வைத்திருக்கும் கடையில் எரிந்துபோன மோட்டார்களைப் பிரித்து, கருகிய செப்புக் கம்பியை உருவி எறிந்துவிட்டு, புதுக் கம்பியால் காயில் கட்டுகிற வேலை முழுக்க அவள் கைக்கு வந்துவிட்டது. தீனதயாளன் வெளிவேலை, மலர்விழி கடைவேலை. பெண்பிள்ளை கட்டிய காயிலா என்று ஆரம்பத்தில் மூக்கைச் சுளித்த விவசாயிகள், பிறகு "அந்த அம்மா கையால கட்டினா குடுங்க, இல்லன்னா வேணாம்" என்று சொல்லும் நிலைக்கு வந்தார்கள். கரும்புக்காரர்களின் வாயிலிருந்து அப்படி ஒரு வார்த்தை வாங்குவது லேசுப்பட்ட காரியமில்லை.

கேள்வியை எழுப்பிவிட்டது ஒரு செத்துப்போன டார்ச். துபாயிலிருந்து வந்த ஒருவர் கடையில் போட்டுவிட்டுப் போனது. திருகிப் பிரித்துப் பார்த்தாள். உள்ளே பல்பைத் தேடினால் பல்பு இல்லை. துவரம்பருப்பு அளவில் மஞ்சளாக ஒரு சிப் இருந்தது, அவ்வளவுதான். இத்தனூண்டு பருப்பிலிருந்தா தெருக்கோடி வரைக்கும் வெளிச்சம் போயிற்று? அன்று மத்தியானம் அவள் சாப்பிட மறந்தாள்.

மகள் அபிநயாவின் போனில் தேடி, அதே மாதிரி சிப் இரண்டு வரவழைத்தாள். முதல் டார்ச்சை ஒரு பிஸ்கட் டப்பா மூடியில் ஒட்டிக் கட்டினாள். கண் கூசுகிற வெள்ளையில் எரிந்தது, பிறகு நீலமாக மாறியது, பிறகு மூச்சை விட்டது. எல்லாம் ஒரு நிமிஷத்துக்குள். அவள் அதைத் தூக்கி எறியவில்லை. காயிலுக்குப் பூசும் வார்னிஷைத் தொட்டு அதன்மேல் '1' என்று எழுதி அலமாரியில் வைத்தாள். அதற்குப் பக்கத்தில் 2, 3, 4 என்று வரிசை வளர்ந்தது. இரண்டாவதைப் பழைய மோட்டாரின் அலுமினிய மூடியில் கட்டினாள். நான்காவதுக்கு பைக்கின் ஹெட்லைட் குழியை அறுத்துப் போட்டாள். ஐந்தாவதில் நான்கு சிப். அதைப் போட்டால் தெருவே பகலாகும். எதிர்வீட்டு நாய் குரைப்பதை நிறுத்திவிட்டு யோசனையில் ஆழ்ந்தது. ஆனால் போருக்குள் அடித்துப் பார்த்தால் நாற்பது அடிதான். அதற்குக் கீழே பழைய இருட்டு பழைய இடத்திலேயே இருந்தது.

சூடுதான் எதிரி என்று அவளுக்குப் புரிந்துவிட்டது. இன்னும் அதிகக் கரண்டு கொடுத்தால் இன்னும் வெளிச்சம் வரும், ஆனால் சிப் வெந்துபோகும். அந்தச் சூட்டை எங்கே கொண்டுபோய்க் கொட்டுவது? ஊர் உலகத்தில் டார்ச் கட்டுகிறவர்கள் எல்லோரும் அலுமினியத்தில் வரி வரியாகச் செதுக்கிக் காற்றில் கொட்டுகிறார்கள். மலர்விழி காயில் கட்டுகிறவள். அவள் மூளை போர் மோட்டாரின் வழியில்தான் ஓடும். இருநூறு அடி ஆழத்தில் ராப்பகலாக ஓடும் மோட்டார் ஏன் வேகாமல் இருக்கிறது? அதன் வயிற்றுக்குள் தண்ணீர் ஊற்றி மூடியிருக்கிறோம், அதனால். அவளே தினமும் ஊற்றுகிறாள். அப்புறம் என்ன, டார்ச்சுக்குள்ளும் ஊற்றிவிட வேண்டியதுதான்.

எரிந்துபோன ஒரு மூன்றங்குல மோட்டாரின் ஸ்டீல் கூட்டை எடுத்தாள். வாயில் கனத்த செப்புத் தகடு, தகட்டின் முன்பக்கம் சிப், அதன்மேல் தடித்த கண்ணாடி, சுற்றி ரப்பர் வளையம். முன்பக்கம் சொட்டு ஈரம் கிடையாது. தகட்டின் பின்பக்கம் முழுக்கத் தண்ணீர், பேட்டரிக்கு ஊற்றும் சுத்தத் தண்ணீர் ஒன்றரை லிட்டர். பேட்டரியைத் தனிப் பெட்டியில் வைத்து, மோட்டாருக்குப் போடும் பட்டை வயரால் இணைத்தாள். அதுதான் ஏழாம் நம்பர்.

எரிந்தது. ஒரு மணி நேரம், இரண்டு மணி நேரம், நிறுத்தாமல் எரிந்தது. தொட்டுப் பார்த்தால் வெதுவெதுப்பு, அவ்வளவுதான். ஆனால் அதைக் கையில் தூக்கிப் பிடிக்க ஆள் வேண்டும். குடத்தை இடுப்பில் வைப்பதுபோல வைத்துக்கொண்டுதான் அடிக்க வேண்டியிருந்தது. டார்ச் கட்டுகிறவர்களின் வாட்ஸப் குழு ஒன்றில் படம் போட்டாள். கோயம்புத்தூர்க்காரர் ஒருவர், "மேடம், இதுல மீன் வளர்க்கலாமா?" என்று கேட்டார். முப்பது பேர் சிரிக்கிற பொம்மை போட்டார்கள். மலர்விழி இரண்டு நாள் குழுவைத் திறக்கவில்லை. அவமானமாகத்தான் இருந்தது. ஏழாம் நம்பர் அலமாரியின் அடித்தட்டுக்குப் போனது.

பதில் கடைசியில் எதிர்பாராத இடத்திலிருந்து வந்தது. ஒருநாள் கடைக்கு எதிரே காம்பவுண்டுச் சுவரில் கண்ணாடி வெளிச்சத்தையும் டார்ச் வெளிச்சத்தையும் பக்கத்துப் பக்கத்தில் விழ வைத்து டேப்பால் அளந்தாள். பத்தடியில் இரண்டும் ஏறக்குறைய ஒரே அளவு வட்டம். நூறடிக்குத் தள்ளிப்போய் நின்று அடித்தபோது டார்ச்சின் வட்டம் ஒரு வீட்டுக்கதவு அளவுக்கு வீங்கி வெளுத்துப்போயிருந்தது. கண்ணாடியின் வட்டம் கொஞ்சந்தான் பெருத்திருந்தது. அவள் ரோட்டோரத்தில் நின்று வாய்விட்டுச் சிரித்தாள். வெளிச்சம் கம்மி என்று நான்கு வருஷமாக நினைத்துக்கொண்டிருந்தது தப்பு. வெளிச்சம் விரிந்துபோகிறது, அதுதான் சங்கதி. ஆறரை அங்குலக் குழிக்குள் இறங்க வேண்டிய வெளிச்சம், விரிந்து விரிந்து மேல்சுவரிலேயே மோதிச் செத்துக்கொண்டிருந்தது.

அப்புறம் கட்டியதுதான் ஒன்பதாம் நம்பர். ஒரே ஒரு குட்டிச் சிப், அதன் முன்னால் உள்ளங்கை அளவு லென்ஸ். மொட்டைமாடியிலிருந்து அடித்தால் கோட்டை மலையின் உச்சிப்பாறை தெரிந்தது. நான்கு நிமிஷத்தில் கொதித்துத் தானாகவே மங்கிவிடும் என்பது ஒன்றுதான் குறை. மற்றபடி அவளுக்கு அது பிள்ளை மாதிரி.

இத்தனையிலும் தீனதயாளன் ஒரு வார்த்தை கேட்டதில்லை. வேண்டாம் என்றும் சொன்னதில்லை, அது வேறு. "இன்னா பண்ற?" என்று கேட்டு, அவள் வாயைத் திறப்பதற்குள் "சோத்த போடு" என்பார். கோட்டைப் பாறை தெரிந்த அன்று அவரை மாடிக்குக் கூப்பிட்டாள். "காலு வலிக்குது மலரு, நாளைக்குப் பாக்கறேன்" என்றார். அந்த நாளைக்கு இன்னும் வரவில்லை. திட்டியிருந்தால்கூடத் தேவலை, சண்டை போட்டிருக்கலாம். ஒருத்தி நான்கு வருஷமாக என்ன செய்கிறாள் என்று பக்கத்தில் இருப்பவனுக்கு ஒரு தடவைகூடத் தெரிந்துகொள்ளத் தோன்றவில்லை என்பது அவளுக்கு உள்ளூர வலித்தது. அதை அவள் யாரிடமும் சொன்னதில்லை.

கார்த்திகை மாசம் இரண்டாவது வாரம், மலையிலிருந்து தீனதயாளனின் போன் வந்தது.

கரியாலூருக்குப் பக்கத்தில் பச்சமுத்து என்கிற மலை விவசாயியின் போரில் மோட்டாரை வெளியே எடுக்கப் போயிருந்தார். ஒரு நாள் வேலை, நான்கு நாளாகியும் ஆள் மலையிறங்கவில்லை.

"மலரு, அந்தச் சின்ன பாதாளக்கரண்டியும் புது வயரு இருநூத்தம்பது அடியும் யாராண்டயாவது குடுத்து அனுப்பு."

"இன்னாங்க ஆச்சு?"

"கயிறு அறுந்துடுச்சு. மோட்டாரு உள்ள போய்டுச்சு. பழைய கயிறு, மாத்திட்டுத் தூக்கலாம்னு வெற்றிவேலு சொன்னான். நாந்தான் தாங்கும்னு சொன்னேன்."

கல்யாணமாகி இந்த இருபத்தொரு வருஷத்தில் அவர் 'நான்தான்' என்று சொல்லி அவள் கேட்டது அதுவே முதல் தடவை.

மிச்சத்தை வெற்றிவேலிடம் கேட்டுத் தெரிந்துகொண்டாள். வெற்றிவேல் தீனதயாளனோடு வேலைக்குப் போகும் ஆள், பொறுமையாகச் சொல்லுவான். மோட்டாரோடு சேர்ந்து, தண்ணீர் ஏறி வரும் கருப்பு ஓஸ் குழாயும் கயிறும் வயரும் உள்ளே போய்விட்டன. ஓஸின் மேல்முனை முதலில் நூற்றுப்பத்தாவது அடியில் எங்கோ சொருகி நின்றது. மேலிருந்து கொக்கியை விட்டு மாட்டி இழுக்கப் பார்க்கிறார்கள். கண்ணுக்குத் தெரியாமல் விடுவதால் கொக்கி மாட்டுவதற்குப் பதிலாக இடித்து இடித்துக் கீழே தள்ளுகிறது. இப்போது நூற்றிருபத்திரண்டில் நிற்கிறது. இன்னும் பத்தடி போனால் பாறை பிளந்த இடம், அங்கே சிக்கினால் யாராலும் எடுக்க முடியாது. போரையே மூடிவிட்டுப் போக வேண்டியதுதான். அந்தப் போரை நம்பித்தான் பச்சமுத்து அரை ஏக்கர் தக்காளி வைத்திருந்தார். சுற்றியிருந்த நான்கு வீடுகளும் அதில்தான் தண்ணீர் பிடித்தன.

"கண்ணாடி அடிச்சுப் பாக்கலியா?"

"சூரியனக் கண்டு ஆறு நாளாவுது அண்ணி. மழையும் இல்ல, வெயிலும் இல்ல, மூட்டமாவே கெடக்குது. போருக்குள்ள கேமரா எறக்குற வண்டிய கேட்டா, பனி தெளிஞ்சாத்தான் மலை ஏறுவேன்றான்."

மலர்விழி, கொக்கிகள் வைத்த பாதாளக்கரண்டியையும் வயர் சுருளையும் எடுத்தாள். ஒன்பதாம் நம்பரைத் துண்டில் சுற்றிப் பையில் வைத்தாள். கடையைப் பூட்டப் போனவள் திரும்பி வந்து அடித்தட்டைப் பார்த்தாள். ஒன்பதாவது நான்கு நிமிஷத்தில் மங்கிவிடும், அங்கே எத்தனை நேரம் தேவைப்படுமோ. எதற்கும் இருக்கட்டும் என்று ஏழாம் நம்பரையும் சாக்கில் போட்டுக் கட்டினாள். யாரிடமாவது கொடுத்தனுப்பு என்றுதான் அவர் சொன்னார். அவள் தானே புறப்பட்டுவிட்டாள்.

கச்சிராயபாளையம் வரை பஸ். அங்கிருந்து ஜீப். மலை ஏற ஏறப் பனி கெட்டியாகி, பத்து மணியாகியும் விடியாத மாதிரி இருந்தது. ஜீப்காரர் பெரிய விளக்கை அணைத்துவிட்டுச் சின்ன விளக்கில் ஓட்டினார்.

"பெரிய லைட்ட போட்டா ரோடு இன்னும் நல்லா தெரியாதுங்களா?" என்று கேட்டாள்.

"பெரிய லைட்ட போட்டா பனிதாம்மா நல்லா தெரியும்" என்றார் அவர்.

பச்சமுத்துவின் காடு சரிவில் இருந்தது. தக்காளிச் செடிகள் தலை தொங்கி நின்றன. ஐம்பது வயதுக்காரரான பச்சமுத்து கம்பளியைப் போர்த்திக்கொண்டு ஒரு கல்மேல் உட்கார்ந்திருந்தார். கோபப்படவில்லை. "வா தங்கச்சி" என்று சொல்லிவிட்டு மறுபடியும் போரைப் பார்த்தார். கோபப்பட்டிருந்தால் தீனதயாளனுக்குக் கொஞ்சம் வசதியாக இருந்திருக்கும். நான்கு நாள் தாடியோடு நின்ற அவர், மனைவியைப் பார்த்ததும் முகத்தைத் திருப்பிக்கொண்டார்.

"நீ ஏன் வந்த?"

"பாக்கலாம்னுதான்."

ஒன்பதாம் நம்பரை எடுத்தாள். போரின் வாயில் குப்புறப் படுத்து, நேராகக் கீழே பிடித்து ஸ்விட்சை அழுத்தினாள். ஒரே வெள்ளை. பாலை ஊற்றி நிரப்பியதுபோல் குழி முழுக்க வெள்ளை. உள்ளேயிருந்து வெதுவெதுப்பான காற்று மேலே வந்து, மலைக்குளிரில் ஆவியாகி வாயிலேயே நின்றது. கோட்டைப் பாறையைத் தொட்ட வெளிச்சம் இங்கே ஐந்தடி ஆவியைத் தாண்டவில்லை. கரண்டைக் கூட்டினாள். வெள்ளை இன்னும் வெள்ளையானது. நான்கு நிமிஷம் முடிந்து டார்ச் தானாக மங்கியபோது அவள் முகமும் மங்கிப்போயிற்று. நான்கு வருஷத்து உழைப்பு. புருஷன் பார்த்துக்கொண்டு நிற்கிறார்.

படுத்த மேனிக்கே கொஞ்ச நேரம் கிடந்தாள். ஜீப்காரர் சொன்னது ஞாபகம் வந்தது. பெரிய லைட்டைப் போட்டால் பனிதான் தெரியும். அப்படியானால் விளக்கு பனிக்கு இந்தப் பக்கம் இருக்கக் கூடாது, அந்தப் பக்கம் இருக்க வேண்டும்.

எழுந்து உட்கார்ந்தாள். "டார்ச்ச கயித்துல கட்டி உள்ள எறக்கினா இன்னா?"

"ரெண்டா நாளே எறக்கிப் பாத்துட்டோம் அண்ணி" என்றான் வெற்றிவேல். "எழுவதாவது அடியில ஊத்து ஒண்ணு குழாய தொறந்தா மாதிரி கொட்டுது. டார்ச்சுல தண்ணி பூந்து அணைஞ்சுபோச்சு. ரெண்டு டார்ச்சு போச்சு."

தண்ணீர் புகுந்து அணைந்துபோயிற்று. அந்த வார்த்தையைக் கேட்டதும் மலர்விழி சாக்கைத் திரும்பிப் பார்த்தாள். ஒரு மோட்டாரை எப்படி மூட வேண்டுமோ அப்படி மூடிய டார்ச். உள்ளே ஏற்கெனவே ஒன்றரை லிட்டர் தண்ணீர். அதைக் கையில் பிடிக்க முடியவில்லை என்றுதானே எல்லோரும் சிரித்தார்கள். கையில் பிடிக்க வேண்டும் என்று யார் சொன்னது? போர் மோட்டாரை யாராவது கையில் பிடிக்கிறார்களா?

"அந்தப் புது வயர பிரி வெற்றிவேலு" என்றாள்.

அடுத்த முக்கால் மணி நேரம் அவள் செய்தது அவளுடைய தினப்படி வேலை. ஏழாம் நம்பரின் குட்டை வயரை அறுத்து, புது வயரின் முனையோடு முறுக்கி, ரப்பர் டேப்பை இழுத்து இழுத்துச் சுற்றினாள். தண்ணீருக்குள் பத்து வருஷம் கிடந்தாலும் கசியாத ஜாயின்ட் போடுவதில் அந்தத் தாலுகாவிலேயே அவளை மிஞ்ச ஆளில்லை. இதில் அடக்கமாகப் பேச எனக்கு விருப்பமில்லை, பார்த்தவர்களைக் கேட்டுக்கொள்ளலாம். கூட்டின் தலையில், மோட்டாரைத் தொங்கவிடும் கொக்கியில், நைலான் கயிறு. பத்தடிக்கு ஒரு சிவப்பு டேப். மறுமுனையில், மேலே, பேட்டரிப் பெட்டி.

எரியவிட்டே இறக்கினார்கள். பச்சமுத்துவின் கம்பளியை வாங்கித் தலைக்குமேல் மூடிக்கொண்டு மலர்விழி குப்புறப் படுத்தாள். விளக்கு ஆவியைத் தாண்டி இறங்கியதும் வெள்ளை போய்விட்டது. சிவப்பும் சாம்பலுமான பாறைச்சுவர் சுற்றிலும் வெளிச்சமாகக் கீழே போய்க்கொண்டிருந்தது. நாற்பது, ஐம்பது, அறுபது. எழுபதில் ஊற்றுத் தண்ணீர் ஸ்டீல் கூட்டின்மேல் கொட்டும் சத்தம் மேலே வரைக்கும் கேட்டது. வெற்றிவேல் கயிற்றை நிறுத்திவிட்டான். எல்லோரும் அணையும் என்று காத்திருந்தார்கள்.

"ஏன் நிறுத்தின? வுடு" என்றாள் கம்பளிக்குள்ளிருந்து.

நூற்றுப்பன்னிரண்டில் நிறுத்தச் சொன்னாள். பார்த்துக்கொண்டே இருந்தாள். கீழே, இத்தனை நாளாக யாரும் பார்க்காத இடம், கல்யாண வீட்டு மேடை மாதிரி பளிச்சென்று இருந்தது. ஓஸின் வாய் மேற்குச் சுவரில் சாய்ந்து மடங்கிக் கிடந்தது. நான்கு நாளாகக் கொக்கி அந்த மடிப்பில்தான் போய் உட்கார்ந்து உட்கார்ந்து தள்ளியிருக்கிறது. அறுந்த மஞ்சள் கயிறு எதிர்ப்பக்கம், இரண்டு சாண் கீழே, வளையமாகத் தொங்கிக்கொண்டிருந்தது. கொக்கிக்காகவே யாரோ கட்டிவைத்த மாதிரி.

"கிழக்காலப் பக்கமா எறக்குங்க" என்றாள். "ஓஸு பக்கம் போவாதீங்க. கயிறு இருக்குது, சுருக்கு மாதிரி."

தீனதயாளன் பாதாளக்கரண்டியை டார்ச்சுக்குப் பக்கத்திலேயே இறக்கினார். கொஞ்சம் இப்படி, கொஞ்சம் அப்படி என்று அவள் சொல்லச் சொல்ல, அவர் செய்தார். முதல் தடவை தவறியது. இரண்டாவது தடவை கொக்கி ஓஸை உரசிக்கொண்டு போனபோது பச்சமுத்து கல்லை விட்டு எழுந்து நின்றுவிட்டார்.

"இப்ப இன்னும் ஒரு சாண். நில்லுங்க. அரைச்சுத்து திருப்புங்க. மெதுவா."

"மாட்டிக்கிச்சா?"

"மாட்டிக்கிச்சு. இழுங்க."

டார்ச்சை முதலில் மேலே எடுத்தார்கள். பிறகு நான்கு பேர் சேர்ந்து கயிற்றைப் பிடித்தார்கள். இந்தத் தடவை கொக்கியைப் புதுக் கயிற்றில் கட்டியிருந்தார்கள். அதைப் பக்கத்துப் பலாமரத்தில் இரண்டு சுற்றுச் சுற்றி, ஒவ்வொரு முழத்துக்கும் இறுக்கிக்கொண்டே வந்தார் தீனதயாளன். மூன்றரை மணிக்கு ஓஸின் வாய் வெளியே வந்தது. அதன்பிறகு மோட்டார். சேறு வழிந்துகொண்டு அது வெளியே வந்ததும் பச்சமுத்து இரண்டு கையாலும் அதைத் தடவிப் பார்த்தார். மலர்விழியின் பக்கம் திரும்பி, "சாப்புட்டுதான் போவணும் தங்கச்சி" என்றார். அவர் கண் கலங்கியிருந்தது.

அவர் வீட்டில் சாமைச் சோறும் மொச்சைக் குழம்பும் தயாராயின. எல்லோரும் கைகழுவப் போனார்கள். மலர்விழி, இதோ வரேன் என்றாள்.

நாலரை மணிக்குக் கீழே போகும் ஜீப் வந்து நின்றது. சாப்பிட்டு முடித்த தீனதயாளன் அவளைத் தேடிக்கொண்டு வந்தபோது, அவள் தலைக்குமேல் கம்பளியை மூடிக்கொண்டு போரின் வாயில் படுத்திருந்தாள். நைலான் கயிறு அவள் கையிலிருந்து உள்ளே போயிருந்தது.

"மலரு, மோட்டாருதான் வந்துடுச்சே. அங்க இன்னா பண்ணிக்கினு இருக்க?"

வழக்கமான கேள்விதான். வழக்கம்போல அவர் அடுத்ததைச் சொல்லிவிடுவார் என்று அவள் காத்திருந்தாள். அவர் சொல்லவில்லை. நின்றுகொண்டே இருந்தார்.

"நூத்தம்பதுல தண்ணி இருக்குதுங்க" என்றாள் மெதுவாக. "தண்ணிக்குள்ள எறக்கினா எவ்ளோ ஆழம் வரைக்கும் மேல தெரியும்னு பாத்துக்கினு இருக்கேன். இப்ப நூத்தி எழுவது. பச்சையா தெரியுது. மொதல்ல வெள்ளையா இருந்துச்சு, போவப்போவ பச்சையாவுது. ஏன்னு தெரியல."

ஜீப்காரர் ஹாரன் அடித்தார். வெற்றிவேல் சாமான்களை ஏற்றிக்கொண்டிருந்தான்.

"தள்ளு" என்றார் தீனதயாளன்.

அவள் தள்ளிப் படுத்தாள். அவர் வேட்டியை மடித்துக் கட்டிக்கொண்டு ஈர மண்ணில் குப்புறப் படுத்து, கம்பளிக்குள் தலையை நுழைத்தார். ஆறரை அங்குலக் குழிக்கு இரண்டு பேர் கண் வைப்பது கஷ்டம். தலையோடு தலை இடித்தது. நூற்றெழுபது அடிக்குக் கீழே பச்சையாக ஒரு வட்டம் அசையாமல் நின்றது.

ஜீப்காரர் மறுபடியும் ஹாரன் அடித்தார். இரண்டு பேரும் எழுந்திருக்கவில்லை.

"இன்னும் பத்தடி வுடு" என்றார்.